தொரை வேஷம்

பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர், நெவில் ஹாரிகன்.
முதல் படத்தின் டைட்டில் கார்டில்
நெய்வேலி ஹரிஹரன் என்று வந்தது.
இருட்டில் என் தொடையைத் தட்டி,
"யாருப்பா இந்த ஆளு, பேரே கம்பீரமா இருக்கு" என்றார்.

நாற்பத்தோரு படம்.
கலெக்டர் தொரை, கப்பல் தொரை, தேயிலைத் தொரை,
குதிரையிலிருந்து விழுகிற தொரை மூன்று தடவை.
குதிரை ஒன்றுதான், அதற்கும் அவரைத் தெரியும்.
எல்லாத் தொரைக்கும் ஒரே கோட்டு.
வடபழனியில் நாள் வாடகை பன்னிரண்டு ரூபாய்,
அக்குளில் யார் யாரோ தொரைகளின் வியர்வை
காய்ந்து வெள்ளையாய் வரி போட்டிருக்கும்.

வசனத் தாளில் அவர் பங்குக்கு
ஒரே வரிதான் இருக்கும்: தொரை ஏதோ உளறுகிறார்.
அந்த ஏதோவை
ஜாப் கார்டின் முதுகில்
பென்சிலால் எழுதி, அடித்து, எழுதி,
யூனியன் ஆபீஸ் பெஞ்சில் எனக்குப் படித்துக் காட்டுவார்.
"மொத தப்பு வினைச்சொல்லுல விழணும்,
ரெண்டாவது மரியாதையில.
மூணாவது தப்பு விட்டா
ஜனம் பாவப்பட்டுடும்பா, சிரிக்காது."
நீ வரான், நான் உன்னை டூக்கில் போடும்.
இந்த ஒரு வரிக்கு மூன்று நாள்.
ஓட்டேரியில் ஆட்டோக்காரரோடு சண்டை வந்தால்
ஆட்டோக்காரர்தான் வார்த்தை கிடைக்காமல் நிற்பார்.
பேசத் தெரியாத மாதிரிப் பேச
எவ்வளவு தமிழ் வேண்டியிருந்தது அவருக்கு.

பேசாமல் இருந்திருக்கலாம். நாடகம் எழுதினார்.
எழும்பூர் மியூசியம் தியேட்டர், ஆகஸ்ட் சனிக்கிழமை, வெளியே மழை.
நான் பக்கத் திரைக்குள், ப்ராம்ப்ட் நோட்டோடு.
லுங்கியில் வந்தார். ஒரு ஃபிட்டர், ஓவர்டைம் பாக்கி,
சேட்டுக் கடையில் மூழ்கப் போகிற வளையல்,
அவ்வளவுதான் கதை.
நம் தெரு பேசுகிற பேச்சு, ஒரு எழுத்து பிசகவில்லை.
அரங்கம் காத்திருந்தது.
எதற்கென்று அவருக்கும் தெரியும்.
பதினோரு நிமிடம். ஒருவர் இருமினார்.
அப்புறம் பின் வரிசையிலிருந்து யாரோ:
"தொரே, டமில் பேசு!"

கூரை அதிர்ந்த சிரிப்பு.
அவர் என் பக்கம் திரும்பினார்,
வரி மறந்த நடிகன் திரும்புவதுபோல.
நோட்டில் விரல் ஓட்டித் தேடினேன்.
அந்த இடத்துக்கு அவர் எதுவும் எழுதியிருக்கவில்லை.
ஒரு மூச்சு. மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு,
"டமில்டானே பேசுறான் நான்?"

கைதட்டல் ஓய்ந்தபோது மழையும் விட்டிருந்தது.

அறுபத்திரண்டு தடவை போட்டோம்.
அந்தக் குரலை நோட்டில் சேர்த்துவிட்டார்,
ஒன்பதாம் பக்கம், சிவப்பு மையில்.
முதல் நாள் கத்தியவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை.
அதனால் நான்.
பத்தாவது நிமிடம் நோட்டை ஸ்டூலில் கவிழ்த்துவிட்டு
சைக்கிள் ஸ்டாண்ட் வழியாகப் பின் வரிசைக்கு ஓடுவேன்.
அதற்குப் பத்து ரூபாய் தனி.
"இன்னிக்கு கொஞ்சம் சீக்கிரம் கத்திட்ட" என்பார்,
தேங்காயெண்ணெயில் மேக்கப்பைத் துடைத்தபடி.
ஒரு நாளாவது
கத்தாமல் இருந்து பார்த்திருக்கலாம்.

அக்காவும் தம்பியும் பெர்த்துக்குப் போனார்கள்.
"எல்லாரும் தொரையா இருக்கிற ஊர்ல
எனக்கு யாருப்பா வேஷம் குடுப்பான்?"

கீழ்ப்பாக்கம் கல்லறையில் பாதிரியார் இங்கிலீஷில் படித்தார்.
குழி வெட்டியவர்கள் தங்களுக்குள்
"குதிரையில இருந்து வுழுவாரே, அவருதான்" என்றார்கள்.
கோட்டுக் கடைப் பையன் பழைய பாக்கி ரசீதோடு வந்தவன்
கேட்கக் கூச்சப்பட்டு, அதைப் பையில் மடித்துக்கொண்டு,
ஒரு பிடி மண் போட்டான்.
நான் கடைசி வரிசையில் நின்றிருந்தேன்.
தொண்டை வரை வந்துவிட்டது.
பக்கத்திலிருந்தவர், தண்ணீர் வேணுமா என்றார்.